வலது காதில் தளும்பு

செங்காட்டில் செவ்வாய்க்கிழமை தோல் கழற்றும் நாள்.

இருப்பதே செவ்வாய்க் கிரகம். அப்புறம் வேறு எந்தக் கிழமையைத் தேர்ந்தெடுப்பார்கள்? காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். பதினோராயிரம் பேரும் தோளில் துண்டோடு தத்தம் தெருமுனை உரிகூண்டின் முன்னால் வரிசை கட்டுவார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கண்ணை மூடி, நூறு எண்ணினால் வேலை முடிந்தது. ஒரு வாரமாகக் கதிர்வீச்சிலும் செம்புழுதியிலும் வெந்து காய்ந்த மேல்தோல், வியர்த்த சட்டையைப் போலக் கழன்று காலடியில் விழும். கூரையிலிருந்து 'நெய்வான்' இறங்கி வந்து, உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை புதுத்தோலை நெய்துவிட்டுப் போகும். பழையதை நாலாக மடித்து வாசல் தொட்டியில் போட வேண்டும். தக்காளிச் செடிக்கு அதைப் போல உரம் கிடையாது. மடிக்காமல் சுருட்டிப் போடுகிறவர்களைப் பற்றிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாதாமாதம் புகார் வரும்.

இதனால் செங்காட்டு மக்களின் மேனியில் ஒரு மச்சம் கிடையாது, மரு கிடையாது, அம்மைத் தடம் கிடையாது. பூமியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த தடுப்பூசி வடு, சைக்கிளிலிருந்து விழுந்த வடு, அடுப்பில் சுட்ட வடு எல்லாம் முதல் செவ்வாய்க்கிழமையோடு உரத் தொட்டிக்குப் போய்விடும். பழைய காதலியின் பெயரை முழங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்த ஒருவர், புதன்கிழமை காலையில் அந்தப் பெயரே ஞாபகம் வராமல் தவித்ததாகவும், அதற்குப் பிறகு அவர் குடும்பத்தில் அமைதி நிலவியதாகவும் சொல்வார்கள்.

இத்தனை வழுவழுப்பான ஊரில் ஒரே ஒரு மேடு இருந்தது. அது தணிகாசலத்தின் வலது காது மடலில் இருந்தது.

தணிகாசலத்துக்கு வயது நாற்பத்து மூன்று. தக்காளிக் குமிழியில் பாசன மேற்பார்வை. அவருக்கு ஒரு வயதில், துறையூரில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். இடது காது சமர்த்தாக ஆறியது. வலது காது ஆறியது போதாதென்று மிளகளவு ஒரு கட்டி போட்டது. பத்தாம் வகுப்பில் அது சுண்டைக்காய். இருபத்திரண்டு வயதில் கப்பலேறிச் செங்காடு வந்தபோது நெல்லிக்காய். இப்போது நல்ல எலுமிச்சம்பழம்.

உரிகூண்டுக்கு அது அடங்கவில்லை. கூண்டு கழற்றுவது பச்சை குத்திய ஆழம் வரைக்கும்தான். கட்டிக்கு வேர் அதற்கும் கீழே. வாராவாரம் கூண்டு அதைச் சீண்டும். சீண்டியதற்கு மரியாதையாக அது கடுகளவு வளரும். தலைக்கவசம் போட முடியாமல் போய், அவருக்கென்று வலது பக்கம் புடைப்பு வைத்துத் தனியாக ஒன்று வார்த்தார்கள். வெட்டவெளியில் அவர் நடந்து வருவதை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

"அண்ணே, நல்லாப் பழுத்துடுச்சு. நீங்க பறிக்கிறீங்களா, நான் பறிக்கட்டுமா?" என்பார் பம்ப் அறையில் வேலை பார்க்கும் துரைக்கண்ணு. இதையே பதினாறு வருடமாக, வாரத்துக்கு மூன்று முறை, புதிதாகத் தோன்றிய மாதிரி சொல்வார்.

"உன் வாய்க்கு ஒரு உரிகூண்டு வைக்கணும்டா" என்று தணிகாசலமும் பதினாறு வருடமாகப் பதில் சொல்லிவந்தார்.

அரிப்பு வேறு. அதோடு வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. "கல்யாணமான நாள் முதலா இவர் முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பது அவர் மனைவி கமலவேணியின் நிரந்தர வாக்குமூலம்.

மூன்று முறை வெட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அது இரண்டே மாதத்தில், வெளியூர் போய்ச் சதை போட்டுத் திரும்பிய மாப்பிள்ளையைப் போல, முன்னைவிடக் கொழுத்து வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் செங்காட்டு மருத்துவமனைக்குச் சருமன் வந்து சேர்ந்தது. சருமன் தோல் வைத்தியத்துக்கென்றே செய்யப்பட்ட இயந்திர மருத்துவர். ஆறு கை, அச்சிட்ட புத்தகத்தைப் போன்ற பேச்சு. அது தணிகாசலத்தின் காதை மூன்று கைகளால் தொட்டுப் பார்த்தது.

"இதற்குக் கீலாய்டு என்று பெயர். வெட்டினீர்களா?"

"மூணு தரம்."

"மூன்று முறையும் பெரிதாகத் திரும்பியிருக்குமே."

"எப்படிங்க தெரியும்?"

"ஒரு சுவர் இடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்குக் கொத்தனார்கள் வருகிறார்கள். வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். சாதாரணத் தழும்பு என்பது அதுதான். காயத்தின் எல்லைக்குள் நிற்கும், நாளாக ஆகத் தணியும். உங்கள் காதில் வேலை முடிந்துவிட்டதென்று கொத்தனார்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் கட்டிக்கொண்டே போகிறார்கள். பக்கத்து மனையிலும் கட்டுகிறார்கள். நீங்கள் கட்டடத்தை மட்டும் இடித்தால் என்ன ஆகும்? புதிதாக ஒரு இடிபாடு. இன்னும் பத்துக் கொத்தனார்கள்."

தணிகாசலம் அசந்துபோனார். நாற்பத்திரண்டு வருடமாகத் தன் காதில் கட்டட வேலை நடப்பது அவருக்கு இன்றுதான் தெரியும்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்? புண்ணை நோண்டினேன், கத்திரிக்காய் தின்னேன், அந்த மாதிரி?"

"இல்லை. சிலர் உடம்பின் வாகு அப்படி. காது மடல், தோள், நெஞ்சு ஆகிய இடங்களில் அதிகம் வரும். குடும்ப வழியாகவும் வரும். இது தொற்றாது, புற்றும் அல்ல. கத்திரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை."

"கேட்டியா?" என்று தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். கத்திரிக்காயை இருபது வருடமாக அந்த வீட்டில் நிறுத்தி வைத்திருந்தவள் அவள்.

வைத்தியம் ஒரு வருடம் நடந்தது. முதலில் மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. கட்டி இளகிச் சுருங்கியது. பிறகு கடுங்குளிர் வைத்து உறையவிட்டார்கள். மிச்சத்தை வெட்டியெடுத்து, அன்றைக்கே அந்த இடத்தில் மெல்லிய கதிரைக் காட்டி, சிலிகோன் பட்டை ஒட்டி, கம்மல் மாதிரி ஒரு அழுத்தக் கவ்வியை மாட்டினார்கள். இதெல்லாம் பழைய முறைதான். சருமனின் சொந்தச் சரக்கு கடைசியில் வந்தது. அதன் பெயர் நிறுத்தாணை. ஒரு சொட்டு ஊசியில் ஏற்றினால் அது உள்ளே போய், வீடு கட்டி முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று ஒவ்வொரு கொத்தனாருக்கும் கடிதம் கொடுக்கும். செவ்வாய்க்கிழமைகளில் கூண்டு சீண்டாதபடி அந்தக் காதுக்கு மட்டும் ஒரு குல்லாய்.

எலுமிச்சை நெல்லிக்காயாகி, சுண்டைக்காயாகி, மிளகாகி, ஒரு வியாழக்கிழமை ஒன்றுமில்லாமல் ஆனது. தணிகாசலம் கண்ணாடி முன்னால் நின்று வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போல உருண்டைத் தலைக்கவசம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு தேவையில்லாமல் வெட்டவெளியில் நடந்துவிட்டு வந்தார். துரைக்கண்ணு வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டார். அன்றைக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் பூமியிலிருந்து தங்கையின் செய்தி வந்தது.

பூமிக்கும் செங்காட்டுக்கும் அந்த மாதத்தில் பேச்சு போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். பேசிவிட்டு, பதிலுக்கு இருபத்து நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். குடும்பச் சண்டைக்கு ஏற்ற தூரம் அல்ல. ஆனாலும் வேதவல்லி சமாளித்தாள்.

"அண்ணே, நான்தான். பாப்பாவுக்கு இப்ப ஆறு மாசம். பதினோராம் மாசம் காது குத்தறோம். தாய்மாமன் மடி வேணும். என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், கப்பல் இல்லைன்னே. வளைகாப்புக்குக் கூப்பிட்டேன், நடுவில சூரியன் குறுக்க நிக்குது, சரியாக் கேக்கலைன்னே. இப்ப கப்பலும் இருக்கு, சூரியனும் ஒதுங்கி நிக்குது. நீ வரலேன்னா, நீ போனப்புறம் பொறந்த நம்ம சித்தப்பா மகன் மடி தயாரா இருக்கு. அப்புறம் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு நான் பாப்பாகிட்ட சொல்லவே மாட்டேன்." இதற்குப் பிறகு அழுகை.

தணிகாசலம் உடனே "வர்றேன்மா, அழாத" என்றார். அந்த வார்த்தை போய்ச் சேர்வதற்குள் அவள் அழுது முடித்து, முகம் கழுவி, குழந்தைக்குப் பால் கொடுத்து, மறுபடி கோபத்தை வரவழைத்து இரண்டாவது செய்தியும் அனுப்பியிருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

கப்பல் இருபது நாளில் கிளம்புகிறது. பயணம் நான்கு மாதம். கணக்கு சரியாக வந்தது. விட்டால் அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து. அதற்குள் பாப்பா காதில் கம்மலோடு ஓடிக்கொண்டிருக்கும், சித்தப்பா மகனை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு.

அவர் பயண விண்ணப்பத்தைத் திறந்தார். அறுபத்து நான்கு கட்டம். கருவிழி, மரபணு, நடை, குரல், மூச்சின் வாசனை வரைக்கும் அதுவே நிரப்பிக்கொண்டது. நாற்பத்தோராவது கட்டத்தில் வந்து நின்றது.

*அங்க அடையாளங்கள். பூமியில் பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு, அச்சான்றிதழில் கண்ட இரு அடையாளங்களில் ஒன்றேனும் பொருந்த வேண்டும். நேரில் சரிபார்க்கப்படும்.*

தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். சான்றிதழ் பூமியின் ஆவணக் கிடங்கில் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அவருக்கு மனப்பாடம். பத்தாம் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவராக நிற்க வைத்து, சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, எழுத்தரிடம் உரக்கச் சொன்னார். 'ஒன்று, இடது முழங்காலில் மச்சம். இரண்டு, வலது காதில் தழும்பு.'

மச்சம் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தக்காளிக்கு உரமாகிவிட்டது. தழும்பு நேற்று காலை வரை கொஞ்சம் இருந்தது.

நேராகச் சருமனிடம் ஓடினார்.

"டாக்டர், அதைத் திரும்பக் கொடுத்துடுங்க."

"எதை?"

"கட்டியை."

சருமன் தன் மருத்துவ நூல்களையெல்லாம் நான்கு விநாடி புரட்டியது. இயந்திரத்துக்கு நான்கு விநாடி என்பது நமக்கு நான்கு வருடம்.

"கீலாய்டைக் கேட்டு வாங்க முடியாது. வேண்டாம் என்பவர்களுக்குத்தான் அது வரும். மேலும் உங்கள் கொத்தனார்கள் அனைவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவ்வளவு நல்ல வைத்தியம் அது" என்றது, கொஞ்சம் பெருமையாகவே. பிறகு காரணத்தைக் கேட்டுக்கொண்டு, பயணத்துக்கு ஒன்றும் செய்ய முடியாமல், ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தது. "குடும்ப வழியாக வரும் என்றேன் அல்லவா? உங்கள் மருமகளுக்கும் வரலாம். காது குத்திய அன்றே இந்தச் சொட்டு, ஆறியதும் இந்தக் கவ்வி. யார் மடியில் குத்தினாலும் சரி."

அந்தக் கடைசி வாக்கியம் தணிகாசலத்தைச் சுட்டது. வீட்டுக்கு வந்து, சொட்டுநீர்க் குழாயில் துளை போடும் ஊசியால் தன் காதைத் தானே குத்தினார். ஒரே நாளில் அழகாக ஆறியது. மறுபடி குத்தினார். ஆறியது. பதினொரு துளை. இப்படியொரு சொன்ன பேச்சுக் கேட்கிற காதைச் செங்காடு கண்டதில்லை. பன்னிரண்டாவதற்குக் கையை ஓங்கியபோது கமலவேணி ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாற்பது வருஷம் வேண்டாம் வேண்டாம்னு அழுதீங்க, நின்னுச்சு. இப்ப வா வான்னா வந்துடுமா? தள்ளுங்க. நான் செஞ்சு தர்றேன்."

கோதுமை மாவை எடுத்தாள். ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் உப்பு, தோல் நிறத்துக்குத் துளி காப்பித் தண்ணீர்.

"பத்தாங் கிளாஸ்ல எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"சுண்டைக்காய்."

"பச்சையா, வத்தலா?"

தணிகாசலம் யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுல."

"எதுக்கும் ஒரு பதில் நேரா வராது உங்ககிட்ட" என்றபடி உருட்டி, பிசின் தடவிக் காது மடலில் ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். "ம்ம். இப்பத்தான் என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கீங்க."

புறப்படும் நாள். கப்பல் துறையில் ஆள்காண் பொறி நின்றிருந்தது. கண்ணாடி முகம், பச்சை விளக்கு. பூமியிலிருந்து வந்த யாரும் இதுவரை திரும்பிப் போனதில்லை என்பதால் அதற்குத் தணிகாசலம்தான் முதல் போணி. அவருக்குப் பின்னால் செங்காட்டிலேயே பிறந்த ஒன்பது பேர், பூமிக்கு மேல்படிப்புக்குப் போகிற முதல் கூட்டம், மூட்டையும் கலவரமுமாக நின்றார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டத்தில் 'அடையாளம் ஏதுமில்லை' என்று முன்பே முத்திரை விழுந்திருந்தது.

"வணக்கம், தணிகாசலம் அவர்களே" என்றது பொறி. "முழங்கால் வலி தேவலாமா? காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறீர்கள். மூன்றாவதைப் பதற்றத்தில் வைத்துவிட்டீர்கள். உங்கள் கருவிழி, மரபணு, நடை, குரல், மூச்சு அனைத்தும் நீங்கள் நீங்களே என்கின்றன. எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. இனி நாற்பத்தோராம் கட்டம்."

தணிகாசலம் இடது முழங்காலைக் காட்டினார்.

"மச்சம் இல்லை. அடுத்து."

அவர் வலது காதைத் திருப்பினார்.

"இது கோதுமை மாவு" என்றது பொறி. "மஞ்சள் சேர்ந்திருக்கிறது. உப்பு சற்றுக் குறைவு."

"உப்பு குறைவா? இதுக்கு எதுக்கு நாக்கு?" என்றாள், வழியனுப்ப வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கமலவேணி.

தணிகாசலம் உண்மையைச் சொல்லிவிட்டார். குத்தினது, வளர்ந்தது, கொத்தனார், நிறுத்தாணை எல்லாம். கடைசியில், "காதுல தழும்பு இருந்தது நிஜங்க. போன மாசம்தான் போச்சு" என்றார்.

"தழும்பா? சான்றிதழில் தழும்பைப் பற்றி எதுவும் இல்லையே" என்றது பொறி.

அதன் கண்ணாடி முகத்தில் சான்றிதழ் தெரிந்தது. பழுப்புத் தாள், நீல மை. தணிகாசலம் முப்பது வருடத்தில் முதல்முறையாக அதைப் படித்தார். நாக்கை மடிக்கச் சோம்பல்பட்டவர்கள் உண்டு. அந்த எழுத்தர் பேனாவை மடிக்கவும் சோம்பல்பட்டவர். கொழுகொழுவென்று ஒரு 'ள' போட்டிருந்தார்.

*2. வலது காதில் தளும்பு.*

"தளும்புதல் என்றால், நீர் விளிம்பு வரை நிரம்பி அலையும் நிலை" என்று பொறி அகராதியைப் பார்த்துச் சொன்னது. "உங்கள் வலது காதில் எதுவும் தளும்பவில்லை."

எலுமிச்சம்பழம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாலும் இது தன்னை விட்டிருக்காது என்பது தணிகாசலத்துக்கு அப்போது உறைத்தது. பதினொரு துளையும் ஒன்றாக வலித்தன.

"அது எழுத்துப் பிழைங்க!"

"அரசு ஆவணத்தில் பிழை இருந்தால் திருத்தப்பட்டிருக்கும். இது திருத்தப்படவில்லை. ஆகவே இது பிழை இல்லை."

"சரி, இப்ப திருத்துங்க."

"சான்றிதழ் வழங்கிய பள்ளிக்கு நேரில் சென்று விண்ணப்பிக்க வேண்டும்."

"பள்ளிக்கூடம் பூமியில இருக்கு."

"ஆம்."

"பூமிக்குப் போறதுக்குத்தான் இங்க நிக்கறேன்."

"ஆம்."

"நீங்க விட மாட்டேங்கறீங்க."

"ஆம். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதயத் துடிப்பு நூற்றுப் பத்து."

கப்பல் முதல் சங்கை ஊதியது. தணிகாசலத்துக்குத் தங்கையின் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் முகம் தெரியாத சித்தப்பா மகனின் மடி தெரிந்தது. அகலமான, சௌகரியமான மடி. கண்ணில் தண்ணீர் வந்தது.

"கண்ணில் தளும்புகிறது" என்றது பொறி. "கண் பொருந்தாது. காது."

"என்னங்க" என்றாள் கமலவேணி. "இங்க வாங்க. தலையைச் சாயுங்க."

கம்பி இடுக்கு வழியாகக் கையை விட்டு, வழிக்கென்று கொண்டுவந்த தண்ணீர்க் குப்பியைத் திறந்து, அவர் வலது காதில் ஊற்றினாள். நிதானமாக, பாலாடையில் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல. நிறைந்தது.

"இப்ப பாரு. தளும்புதா இல்லையா?"

பொறி குனிந்து பார்த்தது. "விளிம்பு வரை நிரம்பியுள்ளது. அலைகிறது. பொருந்துகிறது. கப்பல் கதவு வரை தளும்பியபடியே செல்லவும். பயணம் இனிதாகுக."

தணிகாசலம் இடது தோளில் தலையைச் சாய்த்தபடி, ஒரு கையில் சருமன் கொடுத்த பெட்டி, மறு கையில் பையோடு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து போனார். கமலவேணி பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். காதில் தண்ணீர், கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பாள் என்று அரை நாள் உருகிக்கொண்டிருந்தார். கப்பல் எடையற்ற வெளிக்கு வந்து, காதிலிருந்து மாவுருண்டை தானாகக் கழன்று மூக்குக்கு நேரே மிதந்து போனபோதுதான் புரிந்தது: மாவை எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

துறையில் அந்த ஒன்பது பேரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கம்பி அருகே வந்தாள்.

"அத்தை, காதுல எதுக்குத் தண்ணி ஊத்தினீங்க?"

கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீளமாக விளக்குகிற மனநிலையில் இல்லை.

"எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள்.

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். முதல் பயணம், நான்கு மாதம் கும்மிருட்டில் போக வேண்டும். "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று தலையைச் சாய்த்தாள். மற்ற எட்டுப் பேரும் வரிசையில் வந்தார்கள். ஆள்காண் பொறி அவர்களிடம் எதையும் கேட்கவில்லை, ஆனால் பார்த்தது. பத்துப் பயணிகள், பத்து வலது காது, பத்திலும் தண்ணீர். கற்றுக்கொள்ளும் பொறி அது. கற்றுக்கொண்டது.

துறையூரில் வேதவல்லி வாசலிலேயே அண்ணனை நிறுத்திவிட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, வலது காதைப் பிடித்துத் திருப்பினாள்.

"எங்க அண்ணனுக்கு இங்க ஒரு நெல்லிக்காய் இருக்கும். நீங்க யாரு?"

இவளும் ஒரு நாற்பத்தோராம் கட்டம் வைத்திருக்கிறாளே என்று தணிகாசலம் திகைத்தார். "அது இல்லம்மா, கப்பல் நேரத்துக்குக் கிளம்பலை, அதனால..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"எங்க அண்ணன்தான்!" என்று கட்டிக்கொண்டாள்.

பாப்பா அவர் மடியில்தான் உட்கார்ந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். பாப்பா தெருவே கேட்க அழுது, தாய்மாமனின் புது வேட்டியை நனைத்தது. சீர்த் தட்டில் வளையல், சட்டை, பழங்களுக்கு நடுவே சருமனின் பெட்டி இருந்தது. சொட்டு அன்றே போட்டார். ஆறியதும் கவ்வி மாட்டினார். வலது காது மடலில் மிளகளவு முளைக்கப் பார்த்தது. கடிதம் கிடைத்ததும் போய்விட்டது.

முப்பத்தைந்து வருடம் ஓடியது.

அடுத்த கப்பலிலேயே செங்காடு திரும்பியிருந்த தணிகாசலம், எழுபத்தொன்பது வயதில், வேதவல்லியின் எழுபதாம் கல்யாணத்துக்காகக் கமலவேணியோடு மறுபடி கப்பல் துறைக்கு வந்தார். துறை அடையாளமே தெரியவில்லை. நுழைவாயிலில் ஒரு மண்டபம். 'காது தளும்பல் மண்டபம்' என்று பலகை. உள்ளே வரிசையாகப் பித்தளைக் கிண்டிகள். ஒவ்வொரு பயணியும் இடது தோளில் தலையைச் சாய்க்க, வலது காதில் நீர் வார்க்கிறார்கள். வார்ப்பது அத்தை முறை உள்ளவளாக இருக்க வேண்டுமாம். அத்தை இல்லாதவர்களுக்குத் துறையே ஒரு அத்தையை ஏற்பாடு செய்கிறது. அதற்கு முன் காது மடலில் கோதுமை மாவில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு. உப்பு சற்றுக் குறைவாக.

கப்பல் கதவு வரை எல்லோரும் நண்டு போல நடந்து போனார்கள். ஆள்காண் பொறி ஒவ்வொரு காதாகக் குனிந்து பார்த்து, "பொருந்துகிறது, பொருந்துகிறது" என்றது.

மண்டப வாசலில் சீருடை போட்ட ஒரு இளைஞன் பயணிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"உடம்போட சமநிலை எங்க இருக்கு? காதுக்குள்ள. எடையில்லாத இடத்துக்குப் போறப்ப அங்கதான் முதல்ல தடுமாறும். அதுக்குத்தான் தண்ணி. அதுவும் ஏன் வலது காது? இதயம் இடது பக்கம், அழுத்தம் ரெண்டு பக்கமும் சமமாகணும். மாவு எதுக்கு? கதிர்வீச்சை உறிஞ்சும். இன்னைக்கு ஆராய்ச்சி பண்ணிச் சொல்றதை நம்ம முன்னோர்கள் அன்னைக்கே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. சும்மாவா வச்சாங்க?"

கூட்டம் தலையாட்டியது. ஒருவர் அதைப் பதிவு செய்து உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அது எழுத்துப் பிழைப்பா. எங்க பள்ளிக்கூடத்து எழுத்தர் ழ-வுக்குப் பதிலா ள போட்டுட்டாரு. அந்த மாவு, இதோ, இவ பிசைஞ்சது."

இளைஞன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பெரியவர் என்பதால் கோபத்தை அடக்கிக்கொண்டான்.

"ஐயா, இந்த வயசுல நீங்களே இப்படி முன்னோர்களைக் கேலி பண்ணலாமா? நீங்கல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவங்க. உங்களுக்குத் தெரியலைன்னா கேட்டுக்குங்க, நான் முதல்லேர்ந்து சொல்றேன். உடம்போட சமநிலை எங்க இருக்கு?"

"என்னங்க" என்றாள் கமலவேணி, கிண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. "பேசினது போதும். தலையைச் சாயுங்க."

அவர் சாய்த்தார். தண்ணீர் சில்லென்று இறங்கி, நிறைந்து, விளிம்பில் நின்று அலைந்தது. இளைஞனின் வாய் அசைவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முன்னோர்கள் சும்மா வைக்கவில்லை என்று தணிகாசலத்துக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.